ஐஸ் ஹவுஸ் மாணவியர்

கல்யாண் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது இருப்புப்பாதைச் சந்திப்பே. தெற்கே செல்லும் வண்டி இங்கு நின்றால்தான் நமக்கு ஊர் போகும் எண்ணமே உறுதிப்படுகிறது. ஆனால் இந்நகருக்குப் பெண்கல்வி வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. மேல்நாட்டு மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணிகளுள் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷி 1865ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் பிறந்தது இந்தக் கல்யாண் நகரில்தான். ஒன்பது வயதில் மணம். பதினான்கு வயதில் ஒரு மகவு. அம்மகவும் பத்து நாள்களில் மறைந்தது. கணவர் கோபால்ராவ் அஞ்சல் துறையில் எழுத்தர். எழுத்தர் வர்க்கத்தைச் சேர்ந்த நாம் இதனைச் சற்றே பெருமிதத்தோடு சொல்லிக்கொள்ளலாம்தான். ஆயினும் அம்மனிதர் மனைவியை அடித்தும் படிக்க வைத்தவர் என்பதால் அப்பெருமிதத்தை அளவோடு நிறுத்திக்கொள்வது நன்று. 1886இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆனந்திபாய் பட்டம் பெற்றபோது அவ்விழாவில் அமர்ந்திருந்தவர் உறவினரான பண்டித ரமாபாய். அடுத்த ஆண்டே, தம் இருபத்திரண்டாவது அகவை நிறையுமுன், ஆனந்திபாய் நோயுற்று மறைந்தார்.

தனியொரு பெண் கற்று உயர்வது ஒருவகை. பல பெண்கள் ஓரிடத்தில் கூடி வாழ்ந்து, ஒருவரையொருவர் தாங்கி, தங்களுக்குள்ளேயே தலைமை கண்டு உயர்வது வேறொருவகை. முன்னதைப் பாராட்டுவது எளிது. பின்னதைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுவதில்லை. சென்னைக் கடற்கரையில் அத்தகைய கூட்டுவாழ்வு ஒன்று நிகழ்ந்தது. அதனை இம்மலரின் வாசகர்களுக்கு நினைவூட்டுவதே நம் நோக்கம்.

திருவல்லிக்கேணிக் கடற்கரைச் சாலையில், வட்டமான முகப்போடு நிற்கும் அந்தக் கட்டடத்தை அறியாதார் சென்னையில் இலர். 1840களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் என்பார், அங்கு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றி, வெயில் நாடான நம் நாட்டில் வெள்ளைக்காரத் துரைகளின் குவளைகளுக்கு விற்றார். மரத்தூளில் பொதிந்து வந்த அப்பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட கிடங்கே ஐஸ் ஹவுஸ். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இத்தகைய கிடங்குகள் இருந்தன. பனிக்கட்டியைப் பொறிகளால் இங்கேயே செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் உருகிப்போயிற்று. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கினார். 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள்கள் அங்கே தங்கினார். அதன்பின் சுவாமி இராமகிருஷ்ணானந்தர் சில ஆண்டுகள் அங்கு மடம் நடத்தினார். இவையெல்லாம் கட்டடத்தின் முன்கதை. நம் கதை 1917இல் அரசு அதனை விலைக்கு வாங்கி இளம் விதவை மாணவியர்க்கு விடுதியாக ஒதுக்கிய நாளிலிருந்து அங்குக் குடிபுகுகிறது.

இளம் விதவை என்ற சொல்லை இன்று எழுதும்போது நம் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படுகிறது, அது நல்லதே. அன்று ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் பெண்ணுக்கு மணம் முடிப்பார்கள். கணவன் இன்னான் என்று முகம் பார்த்து அறியுமுன்பே அவன் மாண்டால், அச்சிறுமி வாழ்நாள் முழுவதும் விதவை. பருவம் வந்தபின் தலையை மழித்து, ஒற்றை ஆடை உடுத்தி, ஒருவேளை உண்டு, மங்கல நிகழ்ச்சிகளில் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழவேண்டும். கைம்மை நோன்பின் கடுமையைப் பெருங்கோப்பெண்டு புறநானூற்றிலேயே கூறிவிட்டார். எனினும் அங்கே பேசுகின்றவள் வாழ்ந்து அறிந்த அரசி. பொம்மை வைத்து விளையாடும் வயதில் அந்நோன்பைச் சுமத்தியது பிற்காலத்தார் செய்த கொடுமை.

இக்கொடுமைக்குள் பிறந்து அதனை வென்றவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் மயிலாப்பூரில் பிறந்தார். தஞ்சை மாவட்டத்து ரிஷியூர் அவர்தம் குடும்பத்தின் ஊர். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. பதினோராம் வயதில் மணமாகி, சிறிது காலத்திலேயே கைம்பெண் ஆனார். பெற்றோர் மகளின் தலையை மழிக்கவில்லை, ஏட்டைக் கொடுத்தனர். உற்றார் ஏசினர். ஏச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எழும்பூர் பிரசன்டேஷன் கான்வென்டில் சேர்த்தனர். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று 1911இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவரே. கன்னிமாடத்துத் துறவியரின் வாழ்வைக் கண்டு வளர்ந்த அவர் வெண்ணிற ஆடையோடு தொண்டில் இறங்கியதால் எல்லாரும் ‘சிஸ்டர்’ என்றே அழைத்தனர். சமயம் மாறியவரோ என்று ஐயுற்றோரும் உண்டு. அவர் இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார்.

அக்காலத்தே பெண்பள்ளிகளைக் கண்காணிக்கும் அதிகாரியாக இருந்த அயர்லாந்துப் பெண்மணி ஒருவர், மிஸ் லிஞ்ச் என்பார், பின்னாளில் திருமதி டிரைஸ்டேல் ஆனவர், ஓர் உண்மையைக் கண்டார். பெண்பள்ளி நடத்த ஆசிரியைகள் இல்லை. ஆண் ஆசிரியர் கற்பிக்கும் பள்ளிக்குப் பத்து வயது கடந்த மகளை அனுப்பப் பெற்றோர் ஒப்புவதில்லை. மணமான பெண்களோ வீட்டைவிட்டு வரமாட்டார்கள். மறுபுறத்திலோ, வீடுதோறும் ஒரு மூலையில், வாழ்வே இல்லை என்று ஒதுக்கப்பட்ட சிறுமியர். ஒரு குறையைக் கொண்டு மற்றொரு குறையைத் தீர்க்கலாமே என்பது அவர் கருத்து. இக்கருத்தில் கருணையோடு நிர்வாகக் கணக்கும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கோப்பு நகர்வதற்குக் கருணை மட்டும் போதாது. பயனையும் காட்டவேண்டும் என்பதை அரசு அலுவலில் காலம் கழிப்போர் நன்கறிவர். 1882இலேயே பூனாவில் ஹண்டர் கல்விக் குழுவின்முன் பண்டித ரமாபாய், பெண்களுக்குப் பெண்களே ஆசிரியராக வேண்டும் என்று எடுத்துரைத்திருந்தார். அது சென்னையில் செயலாவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

எழும்பூரில் நான்கே பெண்களோடு தொடங்கிற்று அவ்வில்லம். சுப்புலட்சுமியின் சிற்றன்னை வாலாம்பாள் அம்மாள் தாமும் கைம்பெண், எல்லார்க்கும் ‘சித்தி’. அவர் சமையலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் அமைந்து இம்முயற்சிக்குத் துணை நின்றது. பெண்கள் பெருகப் பெருக இடம் போதவில்லை. எதிரே விதவை வந்தாலே சகுனம் பார்த்துத் திரும்பும் ஊரில், ஒரு வீடு நிறைய விதவையர்க்கு யார் வாடகைக்கு வீடு விடுவார்? ஈற்றில் கிட்டியதுதான் கடலோரத்துப் பனிக்கட்டிக் கிடங்கு. ஒருவரும் விரும்பாத கட்டடத்தில், ஒருவரும் விரும்பாத பெண்கள் குடியேறினர் என்று சொன்னால் மிகையாகாது.

அங்கு நிகழ்ந்த வாழ்வின் தன்மையைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். கூட்டுக் குடும்பத்தில் விதவைக்குப் பொறுப்பே இல்லை என்று கூற முடியாது. விடியலில் எழுந்து நீர் இறைப்பது முதல் நள்ளிரவில் அடுக்களை கழுவுவதுவரை உழைப்பெல்லாம் அவளுடையது. அவளுக்கு இல்லாதது சொல். இன்னது செய்யலாம் என்று அவள் சொன்னால் கேட்பார் இல்லை. ஐஸ் ஹவுஸில் உழைப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் சொல் திரும்பக் கிடைத்தது. முன்னே வந்தவள் பின்னே வந்தவளுக்கு அரிச்சுவடி கற்பித்தாள். அழுதுகொண்டு வந்த சிறுமியைத் தேற்றுவதற்கு அதே அழுகையை அழுது முடித்த மூத்தவள் ஒருத்தி இருந்தாள். எந்தப் பெரியவரின் அறிவுரையும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. விடுதிக்கென்று மேற்பார்வையாளர் இருக்கலாம், விதிகள் இருக்கலாம். பெண்களின் அச்சத்தைத் தெளிவித்தது அக்கா தங்கை முறையே.

மாணவரே மாணவரை நடத்துவது நம் நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ‘சட்டாம்பிள்ளை’ என்றொரு பதவி இருந்ததை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் சுவைபட விவரித்துள்ளார். உபாத்தியாயர் இல்லாத வேளையில் சட்டாம்பிள்ளையே பள்ளியின் அரசன். இவ்வழக்கம் கடல் கடந்து சென்ற கதை வியப்பானது. 1789 முதல் 1796 வரை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கடைநிலை வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வென்றான். 1797இல் இதனை அவர் இலண்டனில் நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் செல்வத்தால் எழுந்த பள்ளிக்கு ‘மதராஸ் கல்லூரி’ என்பதே பெயர்; அது இன்றும் நடக்கிறது.

ஆனால் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைகளுள் பெண்பிள்ளை இருந்ததாக நாம் கேட்டதில்லை. பெல் பாதிரியாரின் இல்லத்திலும் ஆண்பிள்ளைகளே. அதே எழும்பூரில், ஒரு நூற்றாண்டு கழித்து, நான்கு கைம்பெண்கள் ஒருவர்க்கொருவர் சட்டாம்பிள்ளை ஆயினர். இங்கொரு வேறுபாடு உண்டு. திண்ணைச் சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு இருந்தது. அவன் கணக்கு, யார் முதலில் வந்தான், யாருக்கு எத்தனை அடி என்பதோடு முடிந்துவிடும். இவர்களுடைய கணக்கு நீண்டது. பயிற்சி முடித்தவள் ஆசிரியையாகி, அயலூர்ப் பள்ளிக்குச் சென்று, அங்கே தனியாக நின்று, ஊராரின் வாயை அடக்கி, வகுப்பு நடத்தவேண்டும். விடுதியில் கற்ற தலைமை என்பது மேடையில் பேசும் தலைமையன்று. முன்பின் தெரியாத ஊரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துத் தனித்து வாழும் துணிவு. ஊர்விட்டு ஊர் வந்து முதல் அறையைத் தேடியலைந்த நம்மவர்க்கு அத்துணிவின் விலை தெரியும்.

இவ்விடத்தில் நம் மராட்டிய மண்ணை மறத்தல் ஆகாது. ஐஸ் ஹவுஸுக்கு ஒரு மூத்த சகோதரி உண்டு. பண்டித ரமாபாய் 1889 மார்ச்சில் பம்பாய்ச் சௌபாத்தியில் தொடங்கிய சாரதா சதனம் அது. அடுத்த ஆண்டே பூனாவுக்கு மாறிற்று. ரமாபாய் எழுதிய நூலும், பாஸ்டனில் அவருக்கென அமைந்த சங்கமும் அதற்குப் பொருள் தந்தன. (பனிக்கட்டி வந்த அதே பாஸ்டன்! வரலாறு சில வேளைகளில் விளையாடத்தான் செய்கிறது.) சதனத்தில் முதலில் சேர்ந்த விதவை கோதுபாய் என்பவர். ரமாபாய் கிறித்தவராதலின், மாணவியர் சிலர் அவர்தம் வழிபாட்டில் கலந்துகொண்டனர் என்ற பூசல் 1893இல் வெடித்தது. ஆலோசகர்களாயிருந்த இரானடே, பண்டார்கர் போன்றோர் விலகினர். பல பெற்றோர் பெண்களை அழைத்துச் சென்றனர். அதே ஆண்டு கோதுபாயை மறுமணம் செய்துகொண்டவர் தோண்டோ கேசவ கார்வே. அவர் 1896இல் விதவையர் இல்லம் அமைத்து, பின்னர் பூனாவை அடுத்த ஹிங்கணேயில் நிலைபெறச் செய்து, 1916இல் பெண்கள் பல்கலைக்கழகத்தையே தொடங்கினார். மும்பையில் எஸ்.என்.டி.டி. என்று வழங்கும் பல்கலைக்கழகம் அதுவே. நம் வீட்டுப் பெண்கள் சிலரும் அங்குப் பயின்றிருக்கக்கூடும்.

கோதுபாயின் தங்கை பார்வதிபாய் ஆதவலே. இருபதுகளின் நடுவில், கைம்பெண்ணாய், ஒரு பிள்ளைக்குத் தாயாய், எழுத்தறியாதவராய்ப் பூனா வந்து சேர்ந்தார். கற்றார், ஹிங்கணே இல்லத்தின் மேற்பார்வையாளர் ஆனார், இல்லத்துக்காக ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார், 1918இல் அமெரிக்காவுக்கே கப்பலேறினார். மாணவியாக நுழைந்தவர் நிறுவனத்தைத் தோளில் தாங்கும் தலைவியானார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சென்னைக்குத் திரும்புவோம். ரமாபாய்க்கு நேர்ந்தது சுப்புலட்சுமிக்குப் பாடமாயிற்று என்று நாம் கருதுகிறோம். சமயப் பூசலுக்கோ ஆசாரப் பூசலுக்கோ இடம் தந்தால் பெற்றோர் மறுநாளே வண்டியோடு வந்து நிற்பர். ஆகவே ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவையர்க்கு மட்டும் என்றே அமைந்தது. உணவிலும் ஒழுக்கத்திலும் வீட்டு ஆசாரம் காக்கப்படும் என்ற உறுதி அளிக்கப்பட்டது. அவ்வுறுதி இல்லையேல் ஒரு பெண்ணும் வந்திருக்கமாட்டாள் என்பது உண்மை. ஆனால் அரசுப் பணத்தில் கட்டடம் வாங்கி ஒரே வகுப்பினர்க்கு ஒதுக்குவது முறையா என்ற வினாவும் உண்மையே. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டுப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். ஆசாரத்தின் மதிலுக்குள் நின்றுகொண்டே அதில் ஒரு கதவைத் திறந்தார் சுப்புலட்சுமி. மதில் அப்படியே நின்றது.

மதிலின் வெளியே நின்றவர் யாவர் என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. 1930இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அவ்வாழ்வு வேண்டாமென்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நகரத்து விடுதிகள் முன்வரவில்லை. டாக்டர் அவர்கள் தம் வீட்டிலேயே இடமளித்தார். அதுவே ஔவை இல்லம் ஆயிற்று. அங்குச் சாதி வேறுபாடு இல்லை. காலத்தால் ஐஸ் ஹவுஸ் முந்தியது. கொள்கையால் ஔவை இல்லம் முந்தியது என்பது நம் துணிபு.

எனினும் சுப்புலட்சுமி ஒரே இடத்தில் நின்றுவிட்டவர் அல்லர். 1922இல், ஆளுநர் மனைவியின் பெயரால் சீமாட்டி வெல்லிங்டன் பயிற்சிக் கல்லூரியும் அதனோடு இணைந்த பள்ளியும் தொடங்கப்பட்டபோது அவரே அதன் தலைவர் ஆனார். அங்குப் பல வகுப்பினரும் பல சமயத்தினரும் பயின்றனர். விடுதியிலோ பதினெட்டு வயது கடந்தவரைச் சேர்க்கக்கூடாது என்ற விதி இருந்தது. வயது கடந்து கைம்பெண்ணானவர் எங்குச் செல்வர்? விதியை மாற்ற இயலாத அவர், விதிக்கு வெளியே ஒரு பள்ளி அமைத்தார். 1927இல் சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் எழுந்த சாரதா வித்யாலயம் அதுவே. பின்னர் 1938இல் அது இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் அரசு ஊழியர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ஐஸ் ஹவுஸுக்கு எதிரேயுள்ள கடற்கரை மணலில்தான் சென்னையின் அரசியல் பெருங்கூட்டங்கள் கூடின. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது திருவல்லிக்கேணியில் துப்பாக்கிச் சூடே நிகழ்ந்தது. இத்தனைக்கும் நடுவே, அரசின் சம்பளத்தில், அரசின் கட்டடத்தில், நூற்றுக்கணக்கான பெற்றோரின் நம்பிக்கையைச் சுமந்துகொண்டு ஒரு பெண்மணி பணியாற்றினார். வெளிப்படையாகப் பேசவில்லையே என்று அவரைக் குறை கூறுவோர் உளர். நடத்தை விதிகளுக்கு உட்பட்டு இருபதாண்டுக்கு மேல் மேசையடியில் அமர்ந்திருக்கும் நாம் அக்குறையில் பங்குகொள்ளத் தயங்குகிறோம். பேசாதிருந்ததால் காப்பாற்றப்பட்டவை சில உண்டு. அவற்றுள் ஒன்று அந்த விடுதி. 1929இல் சாரதா சட்டம் நிறைவேறிப் பெண்ணின் மணவயது பதினான்கு என்று விதிக்கப்பட்ட பிறகு, இளம் விதவையர் என்ற வகையே மெல்ல மெல்லக் குறையலாயிற்று. ஒரு விடுதிக்கு ஆள் குறைவதில் மகிழ்ச்சி கொள்ளத்தக்க நேர்வு இதுவே போலும்.

சகோதரி சுப்புலட்சுமி 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பரில், வைகுண்ட ஏகாதசி நாளில், மறைந்தார். சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயப் பெண்மணி மோனிகா பெல்டன் அவரோடு பேசிப் பழகி, 1966இல் ஆங்கிலத்தில் அவர் வரலாற்றை நூலாக எழுதினார். அப்பெண்மணியின் நூல் இல்லாதிருப்பின், எழும்பூரில் தொடங்கிய அந்த நால்வரைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். கற்றுக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற பெண்களுள் பலர் தம் கதையைத் தாமே எழுதி வைக்கவில்லை. மராட்டியத்தில் பார்வதிபாய் தம் வரலாற்றை எழுதினார், ரமாபாய் எழுதினார். நம்மவர் பள்ளிப் பதிவேட்டில் கையொப்பமிட்டதோடு நிறுத்திக்கொண்டனர். எத்தனையோ சிற்றூர்ப் பெண்பள்ளிகளில் ‘பெரிய டீச்சர்’ என்ற பெயரோடு வாழ்ந்து முடிந்த அவர்களிடம் நம் பாட்டிமார் எழுத்தறிந்திருக்கலாம். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் முதல் தலைமுறையாகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், ஊருக்குத் தாமே கடிதம் எழுதத் தெரிந்த பெண்கள் இருந்தனர். அவர்களுக்கு அந்த எழுத்தைக் கற்பித்தவர் யார் என்று நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்று நம் குடும்பங்களில் தொண்ணூறு வயதைத் தொட்டிருக்கும் பாட்டியர் இருப்பின், அவர்கள் முதல் டீச்சரின் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்து வைத்தால், அடுத்த மலரில் வெளியிட அதுவே ஒரு கட்டுரைக்குப் போதும்.

கோடை விடுமுறையில் கல்யாணில் வண்டியேறிச் சென்னை செல்லும் குடும்பங்கள் கடற்கரைக்குப் போகாமல் திரும்புவதில்லை. அந்தக் கட்டடத்துக்கு 1963இல் விவேகானந்தர் இல்லம் என்ற பெயர் சூட்டப்பட்டது. இப்போது இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் கண்காட்சியாக விளங்குகிறது. சுவாமிகள் அங்குத் தங்கிய ஒன்பது நாள்களை வழிகாட்டிகள் தவறாமல் சொல்வர். அதன் அருகிலேயே, சகோதரி சுப்புலட்சுமி தலைமையேற்றுத் தொடங்கிய பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. நூறாண்டு கடந்தும் அங்கே ஆசிரியப் பயிற்சி நடந்து வருகிறது.